என் பெயருக்கு எழுதிய மருந்து

எங்கள் வீட்டில் கக்கூஸ் ஒன்றுதான். பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. எனக்கும், என் ஓர்ப்படியாள் குருவம்மாவுக்கும், அவள் மகன் கண்ணனுக்கும், மருமகளுக்கும் அது ஒன்றுதான். ஒரு ஐப்பசி மாதக் காலையில் குருவம்மா போய்விட்டு வந்த பிறகு நான் போனேன். அவள் தண்ணீர் ஊற்றியிருந்தாள். ஆனாலும் வெள்ளைப் பீங்கானின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது.

நான் இன்னொரு வாளி ஊற்றிக் கழுவிவிட்டு வந்தேன். அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏட்டி, ஒனக்கு ரத்தம் போகுதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நேத்து பீட்ரூட்டு தின்னோம்ல, அதா இருக்கும்."

"நேத்து நம்ம வீட்டுல கத்திரிக்கா."

அவள் சிரித்துவிட்டாள். "நீ போலீசு வேலைக்குப் போயிருக்கணும்க்கா. ஒனக்கு வந்ததுதான் எனக்கும். பெருசா ஒண்ணுமில்ல, விடு."

நானும் விட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். குடல் டாக்டரம்மா, "நீங்க எங்கிட்டச் சொன்னதை அப்படியே எழுதுங்கம்மா, இங்க வந்து உக்காந்திருக்கிறவங்க படிக்கட்டும்" என்றார்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் விளக்கங்கள் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினவை. மற்றதெல்லாம் எனக்கு நடந்தது.

நானும் குருவம்மாவும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். ராஜபாளையத்தில் ஒரே வீட்டில், சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். இரண்டு பேரும் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் நூல் சுற்றினோம். அங்கே தறிச் சத்தத்தில் கத்திப் பேசினால்தான் காதில் விழும். எனக்குக் கத்த வராது. எனக்கு லீவு வேண்டுமென்றாலும், தலைவலி என்றாலும், அவள்தான் போய்ச் சூப்பர்வைசரிடம் கத்துவாள். நான் பின்னால் நின்று தலையாட்டுவேன். எங்கள் வீட்டுக்காரர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகும் அப்படித்தான். எனக்குப் பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசிவிடுவாள்.

முதலில் ரத்தம் போனது எனக்குத்தான். அந்த வருடம் ஆவணியில். நான் பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்து, "கெளம்புக்கா, டாக்டர்ட்டப் போவோம்" என்றாள்.

ராஜபாளையத்தில் காட்ட எனக்கு மனம் வரவில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மில்லில் வேலை பார்த்தவள், தெருவில் இருப்பவள் என்று தெரிந்தவர்கள் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். "என்ன செய்யுது?" என்று கேட்பார்கள். அதனால் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். அங்கே ஒரு வயசான டாக்டர். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குருவம்மா சொன்னாள்:

"சார், இவளுக்கு வெளிக்கிருக்கும்போது ரத்தம் சொட்டுது. வலி இல்ல. மூணு நாளைக்கு ஒருக்கத்தான் போறா. அதுவும் கல்லு மாதிரி. இவ வெக்கப்பட்டுக்கிட்டு தண்ணியே குடிக்க மாட்டேங்கா சார், குடிச்சா கக்கூஸுக்குப் போகணும்னு."

என் உடம்பைப் பற்றிப் பேசுவதில் அவளுக்குத் துளி கூச்சம் கிடையாது. டாக்டர் நர்சைக் கூட வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, மூலம் (ஆசனவாயில் இருக்கும் ரத்தக் குழாய்கள் வீங்குவது) என்றார். ஒரு களிம்பு, சில மாத்திரைகள், தண்ணீரில் கலக்கிக் குடிக்க, மலத்தை இளக்கும் உமிப் பொடி எழுதினார். "ஒரு மாசத்துல நிக்கலைன்னா குழாய் விட்டுப் பாக்கணும், மறந்துறாதீங்க" என்றார். எனக்கு மூன்று வாரத்தில் நின்றுவிட்டது. நாங்கள் திரும்பிப் போகவில்லை.

குருவம்மா என் மீதி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டது ஐப்பசியில், நான் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்த பிறகு. தீர்ந்ததும் சீட்டை என் கையில் கொடுத்து, "சீட்டு ஒம் பேருலதான இருக்கு. நீயே போயி வாங்கு" என்றாள்.

மருந்துக்கடையில் நான் வாய் திறக்க வேண்டியதில்லை. சீட்டை நீட்டினால் போதும். கடைக்காரர் வாசித்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். அப்படி மாதாமாதம் வாங்கினேன். எனக்கு எழுதின மருந்தை அவள் சாப்பிட்டாள். ஒரு சோற்றுப் பானை, ஒரு குடம், ஒரு எண்ணெய்ச் சட்டி என்று இருந்த எங்களுக்கு ஒரே சீட்டு என்பதும் விசித்திரமாகத் தெரியவில்லை. மருந்து போட்டால் சில நாள் நிற்கும். பிறகு மறுபடியும் வரும்.

வேறு மாற்றங்களும் இருந்தன. எல்லாமே எனக்குத் தெரியும். ஒரு வாரம் அவளுக்கு இறுக்கமாக இருக்கும், அடுத்த வாரம் தண்ணீராகப் போகும். போய்விட்டு வந்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வருவது மாதிரி இருக்கும், போனால் ஒன்றும் வராது. "பென்சில் கனத்துலதான்க்கா போகுது" என்று ஒருநாள் சொன்னாள். ரவிக்கை தோளில் நிற்காமல் இறங்கியது. இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டாள். "ஒல்லியா இருக்கேன்ல, பாக்க நல்லாத்தான இருக்கேன்" என்பாள்.

"கண்ணன்ட்டச் சொல்வோம்ட்டி" என்று நான் சொல்லாமல் இல்லை.

"சொன்னே, நான் ஒங்கூடப் பேச மாட்டேன். அவன் பொண்டாட்டிட்டச் சொல்வான். பொறவு நான் கக்கூஸுக்குப் போறப்பல்லாம் அவ வாசலைப் பாத்துக்கிட்டு நிப்பா. அதுக்கு நான் செத்துரலாம்."

"நாம டாக்டர்ட்டயாவது போவோம்."

"ஆம்பளையாளு கையை வச்சுப் பாப்பாரு. நீ அன்னைக்குக் கண்ணை மூடிக்கிட்டுக் கெடந்ததை நான் பாத்தேன்ல. என்னால முடியாது."

எல்லாரிடமும் சண்டை போடுகிறவள், என் மூலத்தை மூணாம் மனுசரிடம் கூசாமல் சொன்னவள், தன் உடம்பு என்று வந்ததும் என்னைவிடக் கூச்சக்காரி ஆகிவிட்டாள். நான் அவளுக்காகப் பேசியிருக்க வேண்டும். எனக்குப் பேசிப் பழக்கமில்லை.

ஒருதடவை முயன்றேன். கண்ணன் மில்லிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் அவன் எதிரே போய் நின்றேன். "என்ன பெரியம்மா?" என்றான். என் வாயில் வார்த்தை வந்துவிட்டது. அந்த வார்த்தையை ஒரு ஆம்பளைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். "டீ ஆறிரும், குடிய்யா" என்று சொல்லிவிட்டு என் பக்கம் வந்துவிட்டேன்.

அப்படி ஒன்றரை வருடம் போனது.

அடுத்து வந்த பங்குனியும் போய், அதற்கடுத்த பங்குனியில், மாடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கொடிக் கயிற்றைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டால் 'ம்' என்று மட்டும் சொன்னாள். கண்ணன் தூக்கிக்கொண்டு ஓடினான். எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி. அங்கே இருந்த நர்சு அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. ரத்தம் ஏற்றினார்கள். டியூட்டி டாக்டர், "ஒடம்புல ரத்தம் பாதிகூட இல்ல. எங்கேயோ ஒழுகுது. செவ்வாக்கிழமை குடல் டாக்டர் மதுரையிலருந்து வருவாங்க. காட்டிட்டுப் போங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கதவில் 'குடல், கல்லீரல் நோய் நிபுணர்' என்று எழுதி நேரம் மட்டும் போட்டிருந்தது. பெஞ்சு முழுக்க ஆள். கண் மஞ்சளாகி வயிறு உப்பிய ஒருவர் மனைவியின் தோளில் சாய்ந்திருந்தார். மற்றவர்கள் ஒருவருக்கொருவர் "எனக்கு கேஸ் டிரபுள்", "எனக்கும் கேஸுதான்" என்று பேசிக்கொண்டார்கள். நாங்களும் அதையே சொன்னோம்.

குருவம்மா என் காதில், "இம்புட்டுப் பேரு வயித்துலயும் இருக்கிற காத்துக்கு, மலையடிவாரத்துல ஒரு காத்தாடி நட்டா மில்லுக்கே கரண்டு எடுக்கலாம்க்கா" என்றாள். சிரிக்கும்போது அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. வேர்த்திருந்தது.

உள்ளே மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டு மருமகள் வயது இருக்கும்.

"டாக்டரு எப்பம்மா வருவாரு?" என்று குருவம்மா கேட்டாள்.

"நான்தாம்மா. உக்காருங்க."

குருவம்மா அவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா, பொம்பளப் பிள்ளைக்கா!" என்று சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நீ எத்தனை நாளா தாயி இங்க வார?"

"மூணு வருசமா. வாரத்துல ரெண்டு நாள். ஏம்மா?"

யாரும் எங்களைப் பார்த்துவிடக் கூடாது என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினவர்கள் நாங்கள். இந்தப் பிள்ளை எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

டாக்டரம்மா கேட்டார்கள்: பசி எப்படி, எடை குறைந்ததா, மலம் என்ன நிறம், எத்தனை தடவை, ரத்தம் போகிறதா? கண்ணன் பக்கத்தில் நின்றான். குருவம்மா எல்லாவற்றுக்கும் "இல்ல", "நல்லாப் போகுது" என்றாள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, "தம்பி, நீங்க செத்த வெளிய இருங்க" என்றார்கள். அவன் போனதும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல தாயி" என்ற குருவம்மா என்னைக் கை காட்டினாள். "இவளுக்குத்தான் ரத்தம் போச்சு. மூலம். சீட்டுகூட வச்சிருக்கா. இவளைப் பாரு."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்கள். "சீட்டைக் காட்டுங்கம்மா."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. அவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "ஒங்களுக்கு இன்னும் ரத்தம் போகுதா?"

அந்த அறையில் எனக்காகப் பேச ஆள் இல்லை. குருவம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மூணு வாரத்துல நின்னுருச்சு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "இந்தச் சீட்டு என்னோடது. ஆனா மருந்து சாப்பிட்டது இவ. ஒன்றரை வருசமா. ரத்தம் போகுது. பென்சில் கனத்துலதான் போகுது. எல்லாம் எனக்குத் தெரியும்."

"அக்கா" என்றாள் குருவம்மா. ஒரே ஒரு தடவைதான். அவள் அப்படிக் கூப்பிட்டதை இன்றைக்கும் என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

டாக்டரம்மா அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தார்கள் (கையுறை போட்டு ஒரு விரலை ஆசனவாய்க்குள் விட்டுத் தடவிப் பார்க்கும் சோதனை. வலிக்காது, ஒரு நிமிடம்தான் ஆகும்). நிஜமாகவே ஒரு நிமிடம்தான் ஆனது. அதற்குப் பயந்துதான் ஒன்றரை வருடம் போனது. வெளியே வந்து கையை வெகுநேரம் கழுவினார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

"மூலம் மாதிரி இல்லம்மா. விரலுக்கே ஒரு கட்டி தட்டுப்படுது. என்னன்னு குழாய் விட்டுப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

கண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவன் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "ஒங்களுக்குத் தெரியுமா பெரியம்மா?" நான் தலையாட்டினேன். அவன் அம்மாவைக் கைபிடித்து எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போனான். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கொலனோஸ்கோப்பி (நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள வளையும் குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்வதற்கு முதல் நாள் குடலைச் சுத்தமாக்க வேண்டும். பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். கால் மணிக்கு ஒரு டம்ளர். கொஞ்சம் உப்பும் எலுமிச்சையுமாக வழவழவென்று இருக்கும். இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், குளிர வைத்துக் குடித்தால் இறங்கும். கக்கூஸுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் தண்ணீர் மாதிரித் தெளிவாகப் போக வேண்டும். போகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். நான் பார்த்தேன்.

"இந்தக் கதவைச் சாத்திக்கிட்டு எத்தனை நாளு ஒளிச்சேன். இன்னைக்கு நீ டார்ச்சு அடிச்சுப் பாக்க" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். நான் டம்ளரை நீட்டினேன். வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் மயக்க ஊசி போட்டுப் பார்த்தார்கள். டாக்டரம்மா படத்தை எனக்கும் கண்ணனுக்கும் காட்டினார்கள். நல்ல இடம் ஈரமாக, இளஞ்சிவப்பாக, குழந்தையின் வாய்க்குள் இருப்பது மாதிரி இருந்தது. அடுத்த படத்தில் காலிஃபிளவர் கருகினது போல ஒன்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து பயாப்ஸிக்கு (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) அனுப்பினார்கள். ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்கள்.

முடிவு வர ஒரு வாரம். அந்த வாரத்தில் குருவம்மா என்னோடு பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்கும். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். ஆறாம் நாள் அவளே வந்து நின்றாள். "சோறு பொங்குனியா? எனக்குக் கொஞ்சம் ரசம் ஊத்து. அந்த மருமக வைக்கிறது ரசமில்ல, மழைத்தண்ணி."

முடிவு சொல்கிற அன்று கண்ணன் முன்னாலேயே போய், "அம்மாட்டச் சொல்ல வேண்டாம் டாக்டர்" என்று கேட்டுக்கொண்டான். அது குருவம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நேரே உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்டயே சொல்லு தாயி. ஒளிச்சு ஒளிச்சுத்தான் இங்க வந்து நிக்கேன்."

டாக்டரம்மா கண்ணனைப் பார்த்தார்கள். பிறகு ஒரு தாளில் வயிற்றை வரைந்தார்கள். வாயிலிருந்து இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், கடைசியில் மலக்குடல். மலக்குடலில் ஒரு வட்டம் போட்டார்கள். "இது புற்று. இங்க ஆரம்பிச்சிருக்கு." பேனா மேலே போனது. கல்லீரலை வரைந்து அதில் மூன்று புள்ளி வைத்தார்கள். "இங்கயும் போயிருச்சும்மா."

"அறுத்து எடுத்துர முடியாதா?"

"கல்லீரலுக்குப் போகாம இருந்தா முடிஞ்சிருக்கும். இப்ப மருந்தால கொஞ்சம் தள்ளிப்போடலாம். வலியில்லாமப் பாத்துக்கலாம். அதுக்கு மேல நான் ஒங்களுக்குப் பொய் சொல்லக் கூடாது."

குருவம்மா அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். "முந்தியே வந்திருந்தா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்கள். அவர்கள் கண்ணும் கலங்கியிருந்தது. "எங்கிட்ட வாரவங்கள்ல பாதிப் பேரு இப்படித்தாம்மா வாராங்க. படிச்சவங்களும் வாராங்க. டீச்சருங்க வாராங்க. என் வேலையில பாதி, ஆளுங்களைப் பேச வைக்கிறதுதான். நெறையப் பேரு விசயத்துல நான் தோத்துத்தான் போறேன்" என்றார்கள்.

மதுரைக்குப் போனோம். அங்கே புற்றுநோய் டாக்டர்கள் பார்த்தார்கள். கட்டி மலம் போகும் வழியை அடைக்கத் தொடங்கியிருந்ததால் முதலில் ஸ்டோமா (வயிற்றில் துளை போட்டுக் குடலின் ஒரு பகுதியை வெளியே எடுத்து வைப்பது, மலம் அதன் மேல் ஒட்டிய பையில் விழும்) வைத்தார்கள். பிறகு கீமோ (புற்றணுக்களைக் கொல்ல ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் மருந்து) பதினைந்து நாளைக்கு ஒருமுறை.

அந்தப் பையை மாற்ற நர்சு எனக்குத்தான் சொல்லிக் கொடுத்தாள். மருமகள் செய்கிறேன் என்றாள், பாவம், நல்ல பிள்ளைதான். நாங்கள்தான் அவளைத் தப்பாக நினைத்திருந்தோம். ஆனாலும் குருவம்மா, "அக்கா செய்யட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

பையைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து அந்த இடத்தைத் துடைக்க வேண்டும். அது சிவப்பாக, ஒரு ரோஜா மொட்டு மாதிரி, தானாகவே லேசாக அசையும். உயிருள்ள குடல். தொட்டால் அவளுக்கு வலிக்காது.

"இந்தத் துணி நாம சுத்துன நூலா இருக்குமோ?" என்றாள் குருவம்மா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

"இருக்கும்."

"அதான் சொரசொரங்கு. நீ சுத்துனதா இருக்கும்."

நாற்பது வருடம் ஒரு வீட்டில் இருந்தும் நாங்கள் ஒருவர் உடம்பை ஒருவர் பார்த்ததில்லை. அந்த மாதங்களில் எனக்கு அவள் உடம்பில் தெரியாத இடம் இல்லை. எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரத்தில் பை நிறையும், என்ன நிறத்தில் நிறையும் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் டாக்டரம்மாவிடம் போகும்போது நான்தான் சொல்வேன். அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்வேன். குருவம்மா பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பாள்.

ஒருநாள் மத்தியானம் பையை மாற்றிவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தேன். எத்தனையோ நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"நான் அன்னைக்கே கண்ணன்ட்டச் சொல்லியிருந்தா ஒனக்கு இப்படி ஆகியிருக்காதுல்ல?"

"நீ சொல்லியிருந்தா நான் ஒன்னையக் கொன்னுருப்பேன்."

"கொன்னுருந்தாலும் பரவாயில்ல."

"ஆமா. சொல்லியிருக்கலாம்க்கா" என்றாள். பிறகு என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல், பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஏதோ ஓடுவது என் உள்ளங்கையில் தெரிந்தது.

உன் மேல் தப்பில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். எங்களுக்குள் பொய் இல்லாமல் போனது அந்த மத்தியானத்தில்தான்.

ஏழாவது கீமோவுக்குப் பிறகு அவள் வேண்டாம் என்றுவிட்டாள். டாக்டரம்மா கட்டாயப்படுத்தவில்லை. வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். எப்போது வேண்டுமானாலும் போன் செய்யச் சொன்னார்கள். கண் மஞ்சளானது. வயிற்றில் தண்ணீர் கோத்தது (கல்லீரல் கெட்டால் வயிற்றறைக்குள் நீர் சேர்வது). தை மாதம், ஒரு காலை பத்து மணிக்கு, கண்ணன் அவள் வாயில் இளநீர் விட்டுக்கொண்டிருந்தபோது போய்விட்டாள்.

குளிப்பாட்டும்போது பையை யார் எடுப்பது என்று பெண்கள் தயங்கி நின்றார்கள். நான் எடுத்தேன். அந்த மொட்டு அசையாமல் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

காரியம் முடிந்து நாலு மாதம் கண்ணன் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாடு வாங்கிக்கொள்வான், குனிந்துகொண்டே சாப்பிடுவான். நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் வேலைக்குப் போகிறவன் திரும்பி வந்து, "செவ்வாக்கிழமை கெளம்பி இருங்க பெரியம்மா. அந்தம்மா ஒங்களையும் பாக்கணும்னு அன்னைக்கே சொன்னாங்க" என்றான்.

டாக்டரம்மா முன்பே சொன்னதுதான். 'ஐம்பது தாண்டினவங்களுக்கு ரத்தம் போனா, மூலம் இருந்தாலும் உள்ளயும் ஒருக்கப் பாத்துரணும்' என்று. குருவம்மா இருந்தவரை எனக்கு அது மனதில் நிற்கவில்லை.

அதே பொடி, அதே டம்ளர். இந்தத் தடவை மருமகள் டார்ச் அடித்துப் பார்த்தாள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கூச்சம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது போகாது. அது இருக்கும்போதே சொல்ல வேண்டும்.

மயக்கம் தெளிந்ததும் டாக்டரம்மா வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்கள். "ஒரு பாலிப் (குடல் சுவரில் முளைக்கும் சின்னச் சதை மொட்டு, சிலது வருடக்கணக்கில் வளர்ந்து புற்றாக மாறும்) இருந்துச்சு. எடுத்துட்டேன். சோதனைக்கு அனுப்பியிருக்கேன்" என்றார்கள். பத்து நாள் கழித்துப் போனபோது, "புற்று இல்ல. ஆனா விட்டிருந்தா பின்னாடி மாறியிருக்கலாம்" என்றார்கள்.

"குருவம்மாவோடதும் முதல்ல இம்புட்டுத்தான் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்மா."

என் சுண்டுவிரல் நகம் அளவுதான் என்று காட்டினார்கள். நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"மூணு வருசம் கழிச்சுத் திரும்ப வாங்க" என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வராந்தாப் பெஞ்சில் கண்ணன் உட்கார்ந்திருந்தான். "என்ன பெரியம்மா சொன்னாங்க?" என்றான். பக்கத்தில் ஆள்கள் இருந்தார்கள். எங்கே இருந்தது, எவ்வளவு பெரியது, எனக்கு இப்போது எப்படிப் போகிறது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கேட்டு முடித்து, என் பக்கம் திரும்பாமல், "அம்மா வாயாலயும் இப்படிக் கேட்டிருக்கலாம்" என்றான்.

இப்போது மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் என் வயிற்றுக்குள் சத்தம் கேட்கிறது. எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். நான்தான் காது கொடுத்ததில்லை. இப்போது கேட்கிறேன். உள்ளே ஒன்று என்னைக் கேட்காமலே அரைத்து, தள்ளி, ஓடிக்கொண்டிருக்கிறது. அது எனக்குச் சொந்தமான பொருளாகத் தெரியவில்லை. யாரோ என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது மாதிரி இருக்கிறது.

எனக்கு இப்போது அறுபத்தொன்பது. டாக்டரம்மா சொன்ன மூன்று வருடம் முடியும்போது எழுபத்திரண்டு. குருவம்மா போகும்போது அவளுக்கு அறுபத்து நாலு. அப்போதும் அவளுக்கு அறுபத்து நாலுதான் இருக்கும். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் என்னைவிட நாலு வயது இளையவள். இனிமேல் வருடத்துக்கு ஒரு வயதாக அவள் இன்னும் இளையவளாகிக்கொண்டே போவாள். நான் மட்டும் நடந்துகொண்டிருக்கிறேன்.